சலுகையும் தவணையும்

கேபிள் தொழிலில் நெடுங்காலம் உழன்றவன் என்ற காரணத்தினால், புதிதாக இத்தொழிலுக்குள் வருகிற இளைஞர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. அவர்கள் எல்லோரும் கேட்கிற முதற் கேள்வி, மாடியில் டிஷ் வைத்திருக்கிற ஒரு வீட்டை நம் பக்கம் திருப்ப எவ்வளவு தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்பதுதான். இணைப்புக் கட்டணத்தை விட்டுவிடலாமா, முதல் இரண்டு மாதச் சந்தாவைத் தள்ளலாமா, பெட்டியை இனாமாகத் தரலாமா என்று ரூபாயிலேயே அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். தென்பெண்ணையின் தென்கரையிலுள்ள எங்கள் மணலூர்பேட்டையில் நான் கண்ட அனுபவமோ, ஜனங்கள் அந்தக் கணக்கை ரூபாயில் மட்டுமன்றி நாட்களிலும் போடுகிறார்கள் என்பதாகும்.

இந்தத் தொழில் இங்கே முதலில் எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் இது விளங்கும். வீடியோ டெக்கில் ஒரு கேசட்டைப் போட்டு, தெருத்தெருவாகக் கம்பி இழுத்து, இரவில் ஒரு சினிமாக் காட்டுவதுதான் ஆதியில் கேபிள் என்பது. 1993-ஆம் வருஷம் ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு தினத்தன்று சன் டி.வி. தன் ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, கம்பி வலை பின்னிய பன்னிரண்டடி டிஷ் ஒன்று ஊரில் இருந்தாக வேண்டிய அவசியம் பிறந்தது. 1995-இல் மத்திய அரசு கேபிள் தொலைக்காட்சிக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்து, எங்களைப் போன்றவர்கள் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று விதித்தது. படம் காட்டுவதற்குத் தபால் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போடுவானேன் என்று ஊரார் பரிகாசம் செய்தது நினைவிருக்கிறது.

மாதச் சந்தாவுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டை ஒன்று வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கும். பணம் வாங்கினால் கட்டத்தில் ஒரு கையெழுத்து. ஆனால் எல்லாக் கட்டங்களும் மாதந்தவறாமல் நிரம்பிய அட்டையை நான் ஆசிரியர்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள் வீடுகளில் அன்றி வேறெங்கும் அதிகமாகக் கண்டதில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர் கரும்புப் பணம் வந்ததும் நான்கைந்து மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார். நெல் வைத்தவர் அறுவடைக்குப் பின் கொடுப்பார். பெங்களூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்கோ ஆடிக்கோ ஊர் வரும்போது கொடுப்பார்கள். இதைக் கடன் என்று அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. எனக்கு மேலே பணம் கேட்க அந்நாளில் பெரிதாக யாரும் இல்லை. டிஷ் என்னுடையது, கம்பி என்னுடையது, காத்திருக்கிற பொறுமையும் என்னுடையது.

சலுகை என்ற பெயரே இல்லாமல் வழங்கிய சலுகை இன்னொன்றும் இருந்தது. நீண்ட தெருவில் படம் மங்காமல் போய்ச் சேர நடுநடுவே ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டும். அதற்கு மின்சாரம் அத்தெருவிலுள்ள ஏதேனும் ஒரு வீட்டிலிருந்துதான் எடுப்போம். அந்த வீட்டுக்குச் சந்தா கிடையாது. ஊரில் இது ஒரு கௌரவமாகவே கருதப்பட்டு, யார் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெட்டி மாட்டப்படுவது என்பதற்குப் போட்டியும் சிபாரிசும் நடந்ததுண்டு. அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வெளியூர் போகையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், அதற்கப்பால் உள்ள வீடுகள் அத்தனையிலும் இருட்டு. சாவி எந்தச் சம்பந்தி வீட்டில் இருக்கிறதென்று சைக்கிளில் தேடிக்கொண்டு போவதும் இத்தொழிலின் ஓர் அங்கமாக இருந்தது.

2006-இல் அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கி, சில வருஷங்களுக்குள் மாநிலமெங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டபோது, அதுவரை அயல் வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்களெல்லாம் சொந்த இணைப்புக் கேட்டு வந்தார்கள். எங்களுக்கு அது நல்ல காலம். ஆனால் அந்த நல்ல காலத்தின் கண் எதிரிலேயே ஆகாயத்திலிருந்து போட்டி இறங்கிக்கொண்டிருந்தது. 2003-இல் டிஷ் டி.வி.யும், அடுத்த ஆண்டு இறுதியில் தூர்தர்ஷனின் மாதச் சந்தாவில்லாச் சேவையும், 2006-இல் டாடா ஸ்கையும் வந்திருந்தனவென்றாலும், எங்கள் பக்கத்துக் கூரைகளில் சிறிய டிஷ்கள் வரிசையாக முளைத்தது 2007-ஆம் ஆண்டின் முடிவில் சன் டைரக்ட் வந்த பிறகுதான். ஏர்டெல் முதலியவை அதைத் தொடர்ந்தன. டிஷ், பெட்டி, பொருத்துகூலி, சில மாதச் சந்தா எல்லாவற்றையும் ஒரே தொகையில் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் சந்தை விற்றார்கள்.

என் வாடிக்கைக்காரர்கள் பலர் அப்போது போனார்கள். அவர்கள் போனதற்குத் தள்ளுபடியைவிடப் பெரிய காரணம் மின்வெட்டு என்பதை வெளியூர்க்காரர்கள் அறியமாட்டார்கள். 2008-இலிருந்து சில ஆண்டுகள், அதிலும் 2012-இல் உச்சமாக, தமிழ்நாடு பட்ட மின்வெட்டில் டிஷ் வைத்தவருக்குத் தம் வீட்டில் மின்சாரம் இருந்தால் போதும். கேபிள்காரனுக்கோ கன்ட்ரோல் ரூமில் இருக்க வேண்டும், முதல் ஆம்ப்ளிஃபையர் இருக்கிற தெருவில் இருக்க வேண்டும், இரண்டாவது இருக்கிற தெருவில் இருக்க வேண்டும், கடைசியில் பார்க்கிறவர் வீட்டிலும் இருக்க வேண்டும். இவ்வளவும் ஒருசேர இருக்கிற முகூர்த்தம் நாளில் சில மணி நேரமே வாய்த்தது. இதற்கு எந்தத் தள்ளுபடியும் பரிகாரமாகாது.

கல்வராயன் மலையின் கதை வேறு. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே உள்ள தூரத்துக்குக் கம்பி இழுத்தால், அந்தக் கம்பியின் விலையைப் பத்து வருஷச் சந்தாவிலும் மீட்க முடியாது. மலை ஏறிய நாள்முதல் டிஷ்ஷுக்கு அங்கே எதிரி இல்லை. மலையிலிருந்து யாரேனும் கேபிள் கேட்டு வந்தால், இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம்.

டிஷ்ஷுக்கும் தன் பலவீனம் உண்டு. எங்கள் பன்னிரண்டடி டிஷ் வாங்குகிற அலையின் நீளம் சுமார் ஏழரை சென்டிமீட்டர். மாடியிலுள்ள சிறு டிஷ் வாங்குகிற அலையோ இரண்டரை சென்டிமீட்டர்தான். நீளம் குறைந்த அலையை மழைத்துளி சுலபமாக விழுங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் வானம் கறுத்ததும் சிறு டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும்; அதே நேரத்தில் கேபிள் வீட்டில் படம் ஓடிக்கொண்டிருக்கும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடு ஒன்றில் கோளாறு நேர்ந்து, அதிலிருந்த கருவிகளில் பாதியை நிறுத்திவைக்க நேர்ந்தபோது, மழையில்லாத நாட்களிலேயே தென்னாட்டு வீடுகள் பலவற்றில் சானல்கள் மறைந்தன. ஆகாயத்தில் பழுதானதை ஏறிப் பார்க்க ஆளில்லை என்ற உண்மை அப்போதுதான் பலருக்கு உறைத்தது. சிலர் திரும்பி வந்தார்கள்.

அவர்கள் பெருவாரியாகத் திரும்பியது 2011-க்குப் பிறகு. 2007-இல் அமைக்கப்பட்டுச் சில காலம் மந்தமாக இருந்த அரசு கேபிள் டி.வி. நிறுவனம், 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி மாதம் 70 ரூபாய் என்ற கட்டணத்தோடு புத்துயிர் பெற்றது. அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, மீதி 50 ஆபரேட்டருக்கு. எழுபதுக்கு மேல் வசூலித்த இடங்களும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. தொடக்கத்தில் கட்டணச் சானல்கள் சில இல்லாமையால் பெண்கள் பார்க்கிற தொடர்கள் கிடைக்காமல் போய், எழுபது ரூபாயானாலும் வேண்டாமென்று சொன்ன வீடுகளும் இருந்தன. பின்னர் அவை வந்து சேர, டிஷ்ஷிலிருந்து கேபிளுக்கு மாறுகிற காலம் உண்மையாகவே பிறந்தது.

அப்படி மாறுகிற வீட்டில் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு சொற்பம் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள். மாடியிலுள்ள டிஷ்ஷிலிருந்து டி.வி. வரைக்கும் இழுத்திருப்பது ஆர்.ஜி.-6 என்கிற வயர். நாங்கள் வீடுகளுக்கு இழுப்பதும் அதே ஆர்.ஜி.-6 தான். டிஷ்ஷின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற எல்.என்.பி.யிலிருந்து திருகாணியைக் கழற்றினால், வெயிலிலும் மழையிலும் கிடந்து உள்ளிருக்கும் செம்பு பச்சை பூத்திருக்கும். ஒரு விரற்கடை நீளம் வெட்டியெறிந்து, மேலுறையைச் சீவி, கம்பி வலையைப் பின்னுக்கு மடித்து, புதிய கனெக்டரை மாட்டி, கம்பத்திலிருந்து வருகிற எங்கள் வயரோடு ஒரு ஜாயின்ட் போட்டால் காரியம் முடிந்தது. போட்டிக்காரர் தம் செலவில் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போன வயர் நமக்கு மிச்சம். இணைப்புக் கட்டணம் இல்லை என்று நாங்கள் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு விளம்பரம் செய்த தாராளத்தின் ரகசியம் இதுதான். இந்த வாடிக்கைக்காரர் மறுபடியும் டிஷ்ஷுக்குப் போனால், நாங்கள் போட்ட புதிய கனெக்டர் அவர்களுக்கு மிச்சம்.

எந்த நாளில் மாற்றுவது என்பதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. டிஷ்ஷுக்குக் கட்டிய பணம் தீராமல் எந்தக் குடும்பமும் மாறாது. கையிலுள்ள ரீசார்ஜை வீணாக்குவதைப் போன்ற பாவம் வேறில்லை என்பது எங்கள் ஊர்ப் பெண்மணிகளின் சித்தாந்தம். ஆகையால் ஒரு வீட்டில் ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடிகிறதென்று தெரிந்துகொண்டு, அதற்கு முந்தைய நாள் அந்தப் பக்கம் தற்செயலாகப் போவதுபோல் போவதுதான் சாமர்த்தியம். மற்ற நாட்களில் எவ்வளவு பெரிய சலுகையைச் சொன்னாலும், அப்புறம் பார்க்கலாம் என்ற பதில்தான் வரும்.

ஒரு மூதாட்டியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் பெங்களூரில் இருந்தான். தாய்க்கென்று டிஷ் வாங்கி வைத்து, அங்கிருந்தே போனில் ரீசார்ஜ் செய்துவந்தான். பையன் நல்லவன்தான், ஆனால் சம்பளம் வருகிற தேதியும் ரீசார்ஜ் முடிகிற தேதியும் ஒத்துப்போகவில்லை. அந்த அம்மாள் என்னைத் தெருவில் நிறுத்தி, "தம்பி, உன் கேபிளையே குடுத்துடு" என்றாள். அப்போது இரண்டு மாத இலவசத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்ததால் அதைச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "அவன் பணம் கட்ட மறந்துட்டா நான் யாரைப் போய் கேக்கறது? உன்னையின்னா வழியில நிறுத்திக் கேப்பேன். பணம் கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் நீ படத்த நிறுத்த மாட்ட" என்றாள். என் துண்டுப் பிரசுரத்தில் அச்சிடப்படாத சலுகையைத்தான் அவள் விரும்பினாள்.

அந்தச் சலுகைக்குத்தான் பின்னால் முடிவு வந்தது. 2017 ஏப்ரலில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செப்டம்பர் 1 முதல் செட்டாப் பாக்ஸ்கள் விலையில்லாமல் வழங்கப்பட்டன. விலையில்லாப் பெட்டியோடு ஓர் எக்ஸ்சேஞ்ச் திட்டத்தையும் எங்கள் பக்கத்தில் சிலர் சேர்த்துக்கொண்டோம். பழைய டிஷ் பெட்டியைக் கொடுத்தால் பொருத்துகூலி இல்லை என்பது அதன் சாரம். ஒரு கம்பெனியின் பெட்டி அந்தக் கம்பெனியின் சமிக்ஞையைத் தவிர வேறெதையும் திறக்காது. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எல்லாப் பெட்டிகளும் எல்லாச் சேவைகளுக்கும் உதவும்படி செய்ய வேண்டுமென்று சிபாரிசு செய்ததும் இதனால்தான். ஆகவே என் ஆபீஸ் மூலையில் குவிந்த பெட்டிகள் ஒன்றுக்கும் உதவாத குப்பை. ஆனால் அவற்றோடு வந்த 12 வோல்ட் அடாப்டர்கள் தங்கம். புதுப் பெட்டிகளில் அடாப்டர் எரிந்துபோனால் கடைக்கு ஓடாமல் அந்தக் குவியலிலிருந்து எடுத்து மாட்டிவிடுவோம். சலுகை கொடுத்தவனுக்கும் இப்படி ஏதாவது ஒன்று திரும்பிக் கிடைக்கும்படி செய்துகொள்வதே வியாபாரம்.

டிஜிட்டலுக்கு முன், தெருக்கம்பியில் படம் எல்லோருக்கும் ஒன்றாகவே ஓடியது. ஒருவருக்கு நிறுத்த வேண்டுமானால் ஏணி போட்டு ஏறி வயரைக் கழற்ற வேண்டும். அந்தப் பிரயாசைக்குச் சோம்பியே பல பாக்கிகள் நீடித்தன என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டி வந்தபின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு மாதாமாதம் உயிர் கொடுக்க வேண்டும். அதற்கான தொகை முன்கூட்டியே ஆபரேட்டரின் வாலெட் என்கிற முன்பணக் கணக்கில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1 முதல் டிராயின் புதிய கட்டண முறையும் அமலுக்கு வந்தது. நூறு சானல்களுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், அதன்மேல் 18 சதவிகித வரி, ஆக 153 ரூபாய் 40 காசு; கட்டணச் சானல்களுக்குத் தனித்தனி விலை. டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் ஒரே விதி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் சானல் சானலாக எழுதிக் கூட்டிக் காட்டியும், முன்பு எல்லாம் சேர்ந்து எழுபது ரூபாய்க்கு வந்ததே என்ற ஒற்றைக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 10 முதல் அரசு கேபிளின் கட்டணம் 220-லிருந்து 130 ரூபாயும் வரியுமாகக் குறைக்கப்பட்டபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மாதங்களில் டிஷ்ஷை விட்டு வந்தவர்களும் உண்டு.

ஆனால் தவணை போய்விட்டது. கரும்பு வைத்திருந்த ஒரு பெரியவர், நான் மாமா என்று அழைக்கிற உரிமையுள்ளவர், படம் நின்ற மறுநாள் காலையில் என் ஆபீஸ் படியேறி வந்தார்.

"இன்னாபா, முன்னயெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் குடுத்தேன், நீயும் வாங்கிக்கின. இப்ப தேதி மாறுனா படமே நின்னுபோவுது. அப்ப உனுக்கும் டிஷ்ஷுக்கும் இன்னா வித்தியாசம்?"

வாலெட், போர்ட்டல், முன்பணம் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் உன் பாடு" என்று போய்விட்டார். சில மாதத்தில் அவர் வீட்டு மாடியில் டிஷ் ஏறியது. கரும்புப் பணம் மொத்தமாக வந்த சமயத்தில் ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால், ஒரு மாதம் இலவசமென்று டிஷ் கம்பெனிக்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய வரவின் போக்குக்கு அது பொருந்திவந்தது. நான் சொன்ன மாதச் சலுகை பொருந்தவில்லை.

இந்த வருஷச் சலுகைகளைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தையும் எழுதிவிடுகிறேன். மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்கே அவை பயன்படுகின்றன. மாதச் சம்பளக்காரர்களும், விளைச்சல் பணம் கையிலிருக்கிற சிலருமே அவற்றை அனுபவிக்கிறார்கள். நூறுநாள் வேலைக்குப் போய்வருகிறவளும், கட்டட வேலைக்காரனின் மனைவியும் முழுவிலை கொடுத்து மாதாமாதம் வாங்குகிறார்கள். ஏழையிடம் கூடுதலாகவும் வசதியுள்ளவரிடம் குறைவாகவும் வாங்குகிற இந்த முறையைச் சலுகை என்று விளம்பரம் செய்வதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. ஆனாலும் நானும் செய்கிறேன், செய்யாவிட்டால் அந்த மாதச் சம்பளக்காரர்களும் போய்விடுவார்கள். மற்ற வீடுகளில் கொஞ்சம் பேருக்கு என் கைப்பணத்தை வாலெட்டில் போட்டு ஓட்டுகிறேன். யார் யாருக்கென்பதை ஊரில் சொல்வதில்லை.

2024 ஜூலையில் டிராய் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, கட்டணத்தை அவரவரே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்றது. ரூபாயில் தள்ளுபடி கொடுக்க இப்போது தாராளமாக இடமிருக்கிறது. கேட்பவர்கள்தாம் குறைந்துவருகிறார்கள், இளைஞர்களுக்கு வேண்டியது இன்டர்நெட். ஃபைபர் இழுத்து, இன்டர்நெட்டுக்குப் பணம் கட்டுகிற வீட்டுக்கு டி.வி. சந்தாவில் தள்ளுபடி என்று நாங்கள் சொல்கிறோம். ஒரு காலத்தில் தொழிலாகவே இருந்தது இப்போது இன்னொன்றோடு இனாமாக ஒட்டிக்கொண்டு போகிறது. இதில் துக்கப்பட ஒன்றுமில்லை. கம்பம் அதே கம்பம்தான். தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிற வழியில், குறுக்கே போகிற வயர்களை மூங்கிற்கழியால் உயர்த்திப் பிடிக்க முன்பு போலவே ஆள் நிறுத்துகிறோம்; கழியின் நுனியில் செம்புக்குப் பதில் கண்ணாடி இழை இருப்பதால், மடங்கி ஒடிந்துவிடாமல் இன்னும் பதமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை வந்தது. 2-ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைமீறி ஊருக்குள் வந்தது. ஆற்றோரத் தெருக்களில் கம்பங்கள் சாய்ந்து, ஃபைபரும் வயரும் சேற்றில் புதைந்து கிடந்தன. மொட்டை மாடிகளிலிருந்த டிஷ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் திரும்பியதும் அவற்றில் படம் வந்துவிட்டது. எங்கள் வயரோ தெருத் தெருவாகத்தான் எழுந்தது. நனைந்து பாழான டி.வி.களின் பெட்டி எண்களுக்கு மாதத் தொகை ஓடிக்கொண்டே இருக்குமாதலால், முதல் வேலையாக அவற்றை ஒவ்வொன்றாகப் போர்ட்டலில் நிறுத்திவைத்தோம்; பிறகுதான் கம்பி வேலை. அதற்குள் பொறுக்காமல் சிலர் டிஷ் வாங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளத்துக்குப் பின் வீட்டிலுள்ள குழந்தைகளை உட்கார வைக்க ஏதாவது வேண்டும்.

அவர்கள் பெரும்பாலும் ஆறுமாதப் பேக் போட்டிருந்தார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆறு மாதம் கழிந்த வாக்கில் அந்தத் தெருப் பக்கம் தற்செயலாகப் போனேன். வாசலில் நின்றிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "வா, வா, நாளைக்கு முடியுது. இந்தத் தடவ இன்னா ஆஃபர்?" என்றார்.